தர்மமா, பாத்தியமா?

பென்ஷன் இன்றி வீடு திரும்பிய சிப்பாய்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் அளிக்கப்படும் மாத உதவித் தொகையை 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப் பாதுகாப்பு மந்திரி 2025 அக்டோபரில் அனுமதி வழங்கினார். 1.11.2025 முதல் வரும் மனுக்களுக்கு இவ்விகிதம் செல்லும். இதை மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆயினும் வரவேற்றதோடு வாளாவிருக்க நமக்கு மனம் வரவில்லை. அத்தொகைக்குச் சர்க்கார் இட்டிருக்கும் பெயர் 'வறுமை மானியம்' என்பதாகும்.

பெயர் மட்டுமன்று, விதியும் அப்படியே. வயது 65 நிரம்பியிருக்க வேண்டும். புருஷன் ஹவில்தார் பதவிக்கு மேற்படாதவராயிருந்திருக்க வேண்டும். நிரந்தர வருமானம் இருத்தலாகாது. பணமோ கஜானாவிலிருந்து வருவதன்று. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ந் தேதி பொதுஜனங்களிடம் உண்டியலில் திரட்டும் கொடிநாள் நிதியைச் சேர்ந்தது. தேசத்துக்காகத் துப்பாக்கி ஏந்தியவனுடைய மனைவிக்குத் தேசம் கொடுப்பது சந்தாப் பணம்!

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் அப்படி ஒரு மூதாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இராசிபுரம் சென்று, அங்கிருந்து நாமக்கல்லிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அவள் அடையவேண்டும். கையில் புருஷனுடைய டிஸ்சார்ஜ் புத்தகம். அது செல்லரித்துப் போயிருந்தால் அவள் கதி என்ன? புத்தகம் இருந்தாலும், தான் ஏழை என்பதை அவள் அதிகாரிகளிடம் ருஜுப்பிக்கவேண்டும். புருஷன் சேவை செய்தான் என்பது போதவில்லை.

இந்நிலை வந்த காரணம் என்ன? சாதாரணச் சிப்பாய் பென்ஷன் பெற 15 வருஷ ஊழியம் வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் சுமார் 25 லட்சம் இந்தியர் சேர்ந்தனர். யுத்தம் முடிந்ததும் பெரும்பாலோரை அன்னிய ராஜாங்கம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது ஆள், ஆளின் குடும்பமன்று. அந்த யுத்த வீரர்களின் விதவைகளுக்குத் தமிழ்நாட்டுச் சர்க்கார் தனியே உதவுகிறது என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. பின்னர் நம்முடைய சொந்தச் சர்க்காரின் படையில் சேர்ந்து, 15 வருஷம் நிறைவதற்குள் பென்ஷனின்றி விலக நேர்ந்தவர்களின் மனைவியரோ மேற்சொன்ன வறுமை மானியத்தையே நம்பியிருக்கின்றனர்.

பென்ஷன் என்பது எஜமானன் மனமுவந்து ஈயும் கொடையன்று, செய்த வேலைக்குரிய பாத்தியம் என்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982-ல் தீர்ப்புக் கூறியது. 1964-ல் ஏற்பட்ட குடும்பப் பென்ஷன் திட்டத்திற்கு முன்பே ஓய்வு பெற்ற சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் விதவைகளுக்கும் 1985-ல் அக்கோர்ட்டின் மூலம் வழி பிறந்தது. தேதியைக் காட்டி விதவையைத் தள்ளுவது நியாயமில்லையென்றால், வருஷக் கணக்கைக் காட்டித் தள்ளுவது மட்டும் எப்படி நியாயமாகும்? செலவு தாங்காது என்ற சமாதானம் இங்கே செல்லாது. 2016 முதல் குடும்பப் பென்ஷனின் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய்; பஞ்சப்படி வேறு. தர்மமாக 8,000 ரூபாய் கொடுக்க முடிகிறவர்களுக்குப் பாத்தியமாக 9,000 ரூபாய் கொடுப்பது எட்டாத காரியமா?

இதைப் பழங்கதை என்று ஒதுக்குவோர், 2022 ஜூன் 14-ந் தேதி அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தைப் படிக்கட்டும். நாலு வருஷ ஊழியம். நூற்றுக்குக் குறைந்தது 75 பேர் வீடு திரும்பவேண்டும். கையில் ஒரு மொத்தத் தொகை உண்டு, பென்ஷன் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் அத்திட்டத்தில் இல்லை. ஆகையால் நாற்பது வருஷங்களுக்குப்பின் அவர்களுடைய விதவைகள் நாமக்கல் அலுவலகத்து வாசலில் நின்று வறுமை மானியம் கேட்கவும் விதி இடம் தராது.

பார்லிமெண்டில் கொங்குநாட்டுப் பிரதிநிதிகள் இவ்விரு விஷயங்களையும் ஒருங்கே எழுப்பவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்: வறுமை மானியம் கொடிநாள் நிதியிலிருந்து கஜானாவுக்கு மாற்றப்படவேண்டும்; எத்தனை வருஷ ஊழியமாயினும் அதன் விகிதப்படி விதவைக்குப் பென்ஷன் நிச்சயிக்கப்படவேண்டும்.