புதுப்பேட்டை ரோல் பாரும் பழைய ஹெரால்டும்

பதிவு கொஞ்சம் நீளம். பழைய கார், ஜீப் வைத்திருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரை இல்லாத பழைய காருக்கு, வேறு வண்டியில் கழற்றிய ரோல் பாரைப் பொருத்தலாம். ஆனால் செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும். அரைகுறையாக மாட்டுவதைவிட மாட்டாமலே இருப்பது மேல். அரைகுறை பார் உயிரைக் காக்காது. அசட்டுத் துணிச்சலை மட்டும் கொடுக்கும்.

ரோல் பார் என்றால் என்ன என்று கேட்கும் அத்தைகளுக்காக: 'ப' எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல், சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்புக் குழாய். வண்டி கவிழ்ந்தால் அதன் பாரம் தலைமேல் இறங்காமல் இந்தக் குழாய் தாங்க வேண்டும்.

ஆவடிப் பக்கம் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் அப்பா காலத்து இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான கார். அதன் கூரை போல்ட்டில் நிற்பது. கழற்றிவிட்டால் திறந்த காராகிவிடும். தம்பியும் அப்படித்தான் வைத்திருக்கிறார். புதுப்பேட்டையில் ஜீப்பில் கழற்றிய ரோல் பார் ஒன்று மலிவாகக் கிடைத்ததாம். அகலம் மட்டும் சேரவில்லை. "நடுவில் அறுத்து, துண்டு வைத்து வெல்டு அடித்தால் தாங்குமா சார்?" என்று கேட்டார்.

ஹெரால்டுக்கு இது விளையாட்டான கேள்வி இல்லை. அதன் பின்சக்கர அச்சு 'ஸ்விங் ஆக்சில்' வகை. வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். அந்த நிலையில் கார் கவிழும் ஆபத்து அதிகம். மேலே கூரையும் இல்லை என்றால் யோசித்துப் பாருங்கள்.

தம்பிக்கு என் பதில்: நடுவில் அறுக்காதே. கவிழும்போது முதல் அடி விழுவது அந்த மேல் வளைவில்தான். பந்தயக் கார்களுக்கான எஃப்.ஐ.ஏ. விதிகள் முக்கிய வளையம் இணைப்பே இல்லாத ஒரே குழாயாக இருக்க வேண்டும் என்கின்றன. தையல் இல்லாத எஃகுக் குழாய், 45 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டத்துக்கு 2 மி.மீ. கனம். தண்ணீர்க் குழாயை வளைத்து பெயின்ட் அடித்த அலங்கார பார்களும் சந்தையில் உண்டு. சின்னத் துளை போட்டுக் கனத்தை அளந்து பார். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்குத்தூள் பூசினால் விரிசல் இருக்கும் இடத்தில் ஈரக்கோடு தெரியும். ஒருமுறை கவிழ்ந்த வண்டியின் பார் என்றால் பேச்சே இல்லை, எடைக்குப் போட்டுவிடு.

குழாய் நல்லதாகவே இருந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. அது எங்கே நிற்கிறது என்பதுதான் மீதிப் பாதி. ஹெரால்டின் தரை மெல்லிய தகடு. அதன் கீழே சேசிஸ் தனியாக இருக்கிறது. தகட்டில் நான்கு போல்ட் போட்டு நிறுத்தினால், கவிழும்போது பார் தகட்டைக் கிழித்துக்கொண்டு போய்விடும். விதிப்படி ஒவ்வொரு கால் அடியிலும் 3 மி.மீ. கனத்தில், குறைந்தது 120 சதுர செ.மீ. தகடு வேண்டும். முக்கிய வளையத்தின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று போல்ட், 8 மி.மீ.க்குக் குறையாமல். ஹெரால்டில் அந்தப் பாரத்தை சேசிஸ் வரை இறக்க வேண்டும். ஆகவே வளையத்தை மாற்றாதே. கால்களையும் பிடிமானங்களையும் உன் காருக்கு ஏற்பச் செய்துகொள். அகலம் அப்படியும் சேரவில்லை என்றால் அந்த பார் உன் காருக்கு இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் குழாயை நெளியாமல் வளைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன, புதிதாகச் செய்துகொள்.

தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து ஏழாம் வகுப்பில் வடிவங்கள் செய்தோமே, நினைவிருக்கிறதா? சதுரம் தொட்டதும் சாய்ந்தது, முக்கோணம் அசையவில்லை. அதே பாடம்தான் இங்கேயும். பின்னோக்கி இறங்கும் இரண்டு நேரான தாங்கு குழாய்கள் இல்லாவிட்டால் பார் மடிந்துவிடும். உட்கார்ந்த பிறகு தலை பாரின் உச்சிக்குக் கீழே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தலை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பார் இருந்து என்ன பயன்?

"கோயிலுக்கு மெதுவாகப் போய்வரும் காருக்கு இவ்வளவு வேண்டுமா சார்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேண்டாம் என்றால் பாரே வேண்டாம் என்பேன். சீட் பெல்ட் இல்லாத காரில் தலைக்குப் பின்னால் இரும்புக் குழாய் நிற்பதே ஒரு ஆபத்து. பின்னாலிருந்து ஒருவன் இடித்தால் மண்டை போய் அதில்தான் மோதும். கவிழ்ந்தால் ஆள் வெளியே வீசப்படுவார், பார் மட்டும் காருடன் பத்திரமாக இருக்கும். முதல் செலவு பெல்ட்டுக்கு. பாருக்கு மேல் கெட்டியான பாதுகாப்பு மெத்தை, ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் நுரை போதாது.

சட்டத்தையும் பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். 50 வருடம் தாண்டிய கார்களுக்கு 2021-இல் தனி 'விண்டேஜ்' பதிவு வந்தது. சேசிஸிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. எனவே வெல்டுக்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். கழற்றிய கூரையைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே வண்டியைப் பரிசோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வெளிவட்டச் சாலையில் அப்படிப் பரிசோதிக்க ஆள் இல்லை. அங்கே உங்களோடு லாரியும், பால் வண்டியும், குழந்தையை முன்னால் உட்காரவைத்த ஸ்கூட்டரும் ஓடுகின்றன.

பழைய பொருளைத் தூக்கிப் போடாமல் மறுபடி பயன்படுத்துவது நல்ல குணம். புதுப்பேட்டை மெக்கானிக்குகளின் கைத்திறன் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஹாரனையும் கதவுக் கைப்பிடியையும் வாங்குவதுபோல் ரோல் பாரை வாங்க முடியாது. ஹாரன் வேலை செய்யாவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். ரோல் பார் சரியில்லை என்பது கவிழும் அன்றுதான் தெரியும்.

இந்தத் துறையில் வேலை பார்க்கும் மாணவர்கள் யாராவது இருந்தால், நான் சொன்னதோடு சேர்க்க வேண்டியதைக் கருத்தில் எழுதுங்கள். அந்தத் தம்பியும் படிப்பார்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
மாங்காடு