கையின் சாட்சியம்

பக்கவாதத்தால் செயலிழந்த கை தேறி வருகிறதா என்பதை எவ்வாறு அறிவது? நெடுங்காலமாக வைத்தியரின் கண்ணே இதற்கு அளவுகோல். 1975-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்தார் வகுத்த பூகல்-மேயர் பரீட்சையில் கைக்கு மொத்தம் 66 மார்க்குகள். நோயாளி கையைத் தூக்குகிறாரா, முழங்கையை நீட்டுகிறாரா, விரல்களை மடக்குகிறாரா என்று பார்த்து மார்க்கு இடுவார்கள். இம்முறையை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும், பரீட்சை நடக்கும் அறையில் கை என்ன செய்யக்கூடும் என்பதையே அது காட்டும். வீடு திரும்பியபின் அக்கை என்ன செய்கிறது என்பதைக் காட்டாது.

இக்குறையை நிரப்பவே உணர்கருவிகள் வந்திருக்கின்றன. கைக்கடிகாரம் போன்ற கருவியை இரு மணிக்கட்டுகளிலும் கட்டிவிட்டால், நாள் முழுதும் எந்தக் கை எவ்வளவு நேரம் அசைந்தது என்பதை அது கணக்கெடுத்துவிடும். அமெரிக்காவில் ஆரோக்கியமுள்ளோரிடம் அளந்து பார்த்ததில், இரு கைகளும் ஏறக்குறையச் சம நேரம் அசைவதாகத் தெரிந்தது.

அங்கே செயிண்ட் லூயி நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையார் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவு கவனிக்கத்தக்கது. பக்கவாதம் கண்டு ஆறு மாதங்களுக்கு மேலான 78 பேருக்குத் தீவிரமான பயிற்சி அளித்தார்கள். பரீட்சையில் மார்க்குகள் கூடின. கருவியின் கணக்கிலோ, அன்றாட வாழ்வில் நலிந்த கையின் உபயோகம் கூடவில்லை! முயன்று முயன்று தோற்ற கையை விட்டுவிட்டு மற்றொரு கையாலேயே காரியம் பார்க்கும் பழக்கம் நோயாளிக்கு ஏற்பட்டுவிடுவதுண்டு. எட்வர்ட் டாப் என்னும் அறிஞர் இதனைக் கற்றுக்கொண்ட உபயோகமின்மை என்றார். கையின் பலம் மீண்டாலும் பழக்கம் மாறாவிடில் பயன் என்ன?

ஆனால், கருவி சாட்சியேயன்றி நீதிபதியன்று. நடக்கும்போது கை வீசுவதையும், கிண்ணத்தைப் பிடிப்பதையும் அசைவுக் கணக்கு ஒன்றாகவே எண்ணிவிடும். மேலும், உண்பதற்கும் கொடுப்பதற்கும் வலக் கையையே நீட்டுவது நம்மவர் வழக்கம். அமெரிக்கர் கைகளை அளந்து பெற்ற கணக்கை நம்மவர் கைகளுக்கு அப்படியே பொருத்துவது நியாயமாகாது. நமக்குரிய அளவை நம் மக்களிடமே அளந்து நிர்ணயித்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இயன்முறைச் சிகிச்சையை நோயாளியின் இல்லத்திற்கே கொண்டு செல்ல வகை செய்தது. சிகிச்சை வீட்டு வாசலுக்கு வருமாயின் அளவையும் அங்கு வருவதே முறை. அசைவை உணரும் நுண்கருவி சாதாரணக் கைப்பேசியினுள்ளும் இருப்பதால், இது ஏழைக்கு எட்டாத பொருள் என்று சொல்வதற்கில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் வைத்தியக் கல்லூரிகளும் இவ்விஷயத்தில் முன்வர வேண்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறோம். கருவி எழுதும் கணக்கு நோயாளிக்கே உரியது. அவர் சம்மதமின்றி இன்ஷியூரன்ஸ் கம்பெனியோ, வேலை கொடுப்பவரோ அதனைக் காணலாகாது. கை அசைந்தது குறைவென்று காட்டிச் சிகிச்சையை நிறுத்துவதும், அசைந்தது அதிகமென்று காட்டி நஷ்டஈட்டைக் குறைப்பதும் அநீதியாகும். கருவி பரவுவதற்கு முன்பே இதற்குத் திட்டமான விதிகளைச் செய்துவிடுதல் சர்க்காரின் கடமை.