கைக்கும் சாலைக்கும் நடுவே சிறிது ரப்பர்

குருவிகுளத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுத் தொழுவத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று நெடுங்காலமாக நின்றுகொண்டிருந்தது. அவருடைய தந்தையார் ஓட்டிய வண்டி. அண்மையில் அதைச் செப்பனிட்டுச் சாலைக்குக் கொண்டுவந்தார். தம் மகளே அதைச் சங்கரன்கோவில் வரை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் வண்டி நேர்ச்சாலையிலும் அலைந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் தயங்கிய பிறகே முன்சக்கரங்கள் திரும்பின. பழுதுபார்ப்பவர் அடியில் புகுந்து பார்த்தார். ஸ்டியரிங் ராக்கைச் சேஸிஸோடு பிணைக்கும் ரப்பர் புஷ்கள் எஞ்சின் எண்ணெயில் ஊறிக் களியாகியிருந்தன.

நண்பர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: இனி ரப்பரே வேண்டாம், அலுமினியக் கட்டைகளை வைத்து ராக்கை இறுக்கிவிடலாம். அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம். இம்முடிவோடு நாம் உடன்படவில்லை. இலக்கியம் படிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஓட்டப்போவது நாம் வளரப் பார்த்த பெண் என்பதால் பேச வேண்டியதாயிற்று.

நண்பரின் எண்ணம் ஆதாரமற்றது அன்று. இங்கிலாந்தில் 1959இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டைத்தான் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தார்கள். அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி உருவாக்கப்பட்டதே 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். தொழுவத்தில் நின்ற வண்டிக்கும் அந்தப் பந்தயப் பிள்ளைக்கும் முன்பக்க அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் ராக், ரப்பரின் மேல் யு-போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். ஸ்பிட்ஃபயர்க்காரர்கள் பலர் அந்த ரப்பரை நீக்கி உலோகம் வைக்கிறார்கள் என்பதும் உண்மை.

அவர்கள் சொல்லும் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கையின் நீளம் 120 மி.மீ. என்று கொள்வோம். ரப்பர் நசுங்கி ராக் 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் முன்சக்கரம் ஏறக்குறைய அரைப் பாகை விலகிவிடும். ஸ்டியரிங் விகிதம் 15க்கு 1 எனில், ஓட்டுநர் கையில் அது ஏழு பாகை. வளைவின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் பந்தயக்காரருக்கு இந்த ஏழு பாகை பெரும் இழப்பு. இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ கோவையை அடுத்த செட்டிபாளையத் தடத்திலோ ஓடும் வண்டிக்கு ராக்கை இறுகப் பிணைப்பதே முறை. அங்கே சாலை சமம். பந்தயத்துக்குப் பந்தயம் ஒவ்வோர் ஆணியையும் பார்க்க ஆளும் உண்டு.

நம் ஊர்ச் சாலை அப்படியா? கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட தாரும் அலைபாயும், ஓரங்களில் பிளக்கும். அந்தப் பிளவில் சக்கரம் விழும்போது எழும் அதிர்ச்சி ராக் வழியாக ஏறிக் கையை உதறும். நல்ல ரப்பர் அந்த உதறலின் முனையை மழுக்குகிறது. உலோகம் அப்படியே கடத்துகிறது. கைக்கு மட்டுமா? பினியன் பற்களுக்கும், அறுபதாண்டுப் பழமையுள்ள சேஸிஸின் பற்றவைப்புகளுக்கும் சேர்த்தே கடத்துகிறது. இரண்டு கட்டைகளும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் ராக்கின் குழாயே முறுக்குண்டு ஸ்டியரிங் இறுகிப்போகும்.

இன்னொன்றும் உண்டு. வளைவில் டயர்கள் நேராகத் திரும்பிவிட முயல்கின்றன. அவ்விசைக்கு ரப்பர் சற்றே இணங்குவதால், ஓட்டுநர் அளவுக்கு மீறி ஒடித்தாலும் சக்கரம் மயிரிழை குறைவாகத் திரும்புகிறது. புதிதாக ஓட்டுபவருக்கு அது காப்பு. வடிவமைத்தவர்கள் அறியாமல் வைத்துவிட்ட குறையன்று அந்த ரப்பர்.

உரையாசிரியர் ஏன், மூலம் போதாதா என்று முதலாண்டு மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. இடையில் எதுவும் இல்லாததே உண்மைக்கு நெருக்கம் என்ற நம்பிக்கை இளமைக்கு இயல்பு. நல்ல உரை மூலத்தை மறைப்பதில்லை. தாங்கத்தக்க அளவில் தருகிறது. நைந்த உரைதான் மறைக்கிறது. ராக்கின் கதையும் இதுவே. நண்பரின் வண்டி அலைந்தது ரப்பர் இருந்ததால் அன்று. அந்த ரப்பர் பல்லாண்டு கவனிப்பாரற்றுச் செத்துக் கிடந்ததால். எண்ணெய்க் கசிவை அடைக்காமல் கட்டையை மாற்றுவது கவனக்குறைவுக்கு உலோகப் பூச்சுப் பூசுவதாகும்.

பழுதுபார்ப்பவர் இதை நம்மைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "சார், செத்த ரப்பர் மேல கோவப்பட்டு இரும்பப் போட்டா, நாளைக்குச் சேஸிஸ் விரிசல் விடும்."

கசிவு அடைக்கப்பட்டது. புதிய ரப்பர் வந்தது. யு-போல்ட்டுகள் உரிய அளவுக்கு இறுக்கப்பட்டன. வண்டி இப்போது சொன்ன சொல் கேட்கிறது. இன்னும் கூர்மை வேண்டுமென்றால் ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடைப்பட்ட பாலியூரித்தேன் புஷ்கள் கிடைக்கின்றன என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறோம். அவர் இன்னும் அலுமினியக் கனவை முற்றாக விடவில்லை. மகளோ, கை வலிக்காமல் சங்கரன்கோவில் போய்த் திரும்பினால் போதும் என்கிறாள். நம் வாக்கு மகளுக்கே.