கரட் குடுக்கிற முதலாளிமார்

இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் பந்தயக் குதிரை ஒன்றில் சின்னப் பங்கு வாங்கியவர், சொல்லிவைத்த நாளில் பயிற்சி லாயத்துக்குப் போகலாம். கரட் குடுக்கலாம், படம் எடுக்கலாம். அவரும் முதலாளிதானாம்! எந்த ஓட்டத்தில் விடுறது, எப்ப விக்கிறது எண்டு மட்டும் அவரிட்டக் கேக்கமாட்டினம்.

2020இல் அமெரிக்காவின் கென்டக்கி டேர்பியை வென்ற 'ஒதென்டிக்' குதிரையில் ஒரு துளிப்பங்கு 206 டொலர். வாங்கியவர்கள் ஐயாயிரத்துக்கு மேல். எல்லாருமாச் சேர்ந்தும் குதிரையில் எட்டிலொன்றுதான். இதைப்போய்ச் சமத்துவம் எண்டால் என்னத்தைச் சொல்ல?

விடியமுதல் எழும்பி, சாணி அள்ளி, குதிரையின் காலைத் தடவிச் சூடு பார்க்கிற லாயத் தொழிலாளிக்குத்தான் அதைத் தெரியும். பங்காளி வாற நாளில் கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு படத்தின் ஓரத்தில் நிக்கிறதும் அவர்தான். பங்கு பிரிக்கிறதெண்டால் முதல் அவருக்குப் பிரியுங்கோ.