ஒரு நாற்காலிக்கு எத்தனை பொருள்?

'சேர்' என்பது ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தைகூட முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும் சொல். நான்கு கால், சாய ஒரு முதுகு. ஆனால் அந்தச் சொல் மரச்சாமானோடு நின்றுவிடுவதில்லை. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதற்கும் அதே சொல். தலைமை தாங்குபவர் 'சேர்பர்சன்'. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் 'சேரை' நோக்கித்தான் பேச வேண்டும் என்பது மரபு. அங்கே அது அவைத்தலைவரைக் குறிக்கிறது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியும் 'சேர்'தான். ஹார்வர்டு தமிழ் இருக்கை என்று நாம் சொல்வது அதைத்தான். அமெரிக்காவில் மரண தண்டனைக்கும் ஒரு நாற்காலி உண்டு. 1944இல் தென் கரோலினாவில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனை மின்சார நாற்காலியில் அமர்த்திக் கொன்றார்கள். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது 2014இல், எழுபது ஆண்டு கழித்து.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? பழைய ஐரோப்பாவில் நாற்காலி எல்லார் வீட்டிலும் இருந்த பொருள் அல்ல. பிரபுவுக்கும் பிஷப்புக்கும் நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலியும் பெஞ்சும். பிஷப்பின் இருக்கையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 'கதீட்ரல்' என்ற சொல்லும் 'சேர்' என்ற சொல்லும் பிறந்தன. ஆக, உட்காருவதும் ஆளுவதும் அந்தச் சொல்லில் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சாதிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அது முதலில் நாற்காலியில் கை வைக்கிறது. சிறுவன் அம்பேத்கர் பள்ளியில் உட்கார வீட்டிலிருந்து சாக்குத்துணி கொண்டுபோக வேண்டியிருந்தது. பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவர்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டார் என்பதால், மாலையில் அதைத் திரும்ப எடுத்துவர வேண்டும். அதே மனிதர் 1947 ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் ஆனார். சாக்கிலிருந்து அந்த நாற்காலிக்கு அவர் வந்தார். கிராமங்கள் வந்தனவா?

73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 243டி பிரிவு இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. ஊராட்சி உறுப்பினர் இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு. அது போதாது, தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு. கூட்டத்தில் ஓர் இடம் கிடைப்பதும் கூட்டத்தை நடத்துவதும் ஒன்றல்ல என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டம் கொடுத்ததை ஊர் என்ன செய்தது? மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்வான முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டு காலம் தலைவர் நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்கள். வேட்புமனு போட ஆளில்லாமல் செய்தார்கள், வென்றவரை உடனே விலக வைத்தார்கள். 2006இல்தான் அது முடிவுக்கு வந்தது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில், தலைவரான தலித் பெண் தரையில். முந்தைய ஆண்டு உத்தராகண்டில் ஒரு தலித் இளைஞர், திருமண வீட்டில் ஆதிக்கச் சாதியினர் முன் நாற்காலியில் அமர்ந்து சாப்பிட்டதற்காக அடிக்கப்பட்டு இறந்தார். அவர் எந்தப் பதவியும் கேட்கவில்லை. வெறும் நாற்காலி.

தெற்குத்திட்டை படத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை அங்கே இரண்டாகக் கிழித்துவிட்டார்கள். பதவி அவருக்கு, நாற்காலி அவர்களுக்கு. காகிதத்தில் தலைவர், தரையில் அடிமை.

இப்போது சிலர் நமக்குப் புத்தி சொல்ல வருவார்கள். நாற்காலியில் என்ன இருக்கிறது, சேவை செய்ய நாற்காலி எதற்கு, உங்களுக்கும் நாற்காலி ஆசை வந்துவிட்டதா என்பார்கள். தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தே பழகியவர்களுக்கு நாற்காலி அற்பமாகத் தெரியலாம். நிற்க வைக்கப்பட்டவர்களுக்கு அப்படித் தெரியாது.

அதே சமயம், மரச்சாமானோடு நாம் திருப்தி அடைந்துவிடவும் கூடாது. படம் வெளியானதும் அதிகாரிகள் ஓடிவந்து நாற்காலி போடுவார்கள், இன்னொரு படம் எடுப்பார்கள். அதன்பிறகு யார் கூட்டம் நடத்துகிறார்கள்? ஊராட்சிக் கணக்கில் தலைவரோடு துணைத்தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்பது தமிழ்நாட்டு நடைமுறை. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் தெருவிளக்கு எரியாது, குழாயில் தண்ணீர் வராது. பழி மட்டும் தலித் தலைவர் மேல் விழும். நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டே நாற்காலியைப் பறிப்பது இப்படித்தான்.

மாணவத் தோழர்களே, இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஆகஸ்ட் 15க்கும் அக்டோபர் 2க்கும் ஊருக்குப் போனால் கிராம சபைக்குப் போங்கள். தலைமை தாங்கவேண்டியவர் ஊராட்சித் தலைவர். அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், தீர்மானத்தை யார் வாசிக்கிறார், பதிவேடு யார் கையில் இருக்கிறது, கொடி யார் ஏற்றுகிறார் என்று பாருங்கள், குறித்து வையுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ மிரட்டிப் பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 3(1)இல் இதைத் தெளிவாகவே சேர்த்திருக்கிறது. காவல் நிலையத்தில் "இதெல்லாம் ஊர்ப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பிரிவைச் சொல்லிப் புகாரைப் பதியச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். அந்தத் தலைவரையும் தனியாக விடாதீர்கள்.

ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'சேர்' என்று வருகிறது. நம் மொழியில் அதற்கு வேறொரு பொருள் ஏற்கெனவே உண்டு. கற்பி, ஒன்று சேர், போராடு என்று நாம் சுவரெழுத்தில் எழுதுவதும் அதே சொல்லைத்தான். இந்தச் சேர் இல்லாமல் அந்தச் சேர் நிலைக்காது.