பூஞ்சணம் பிடிக்குமுன்

கெலிஓயாச் சந்தியில் கம்பளை பஸ் நின்றால், உள்ளே 'சுராங்கனி' பாட்டு போய்க்கொண்டிருக்கும். நின்றபடி வருகிறவர்களின் விரல்கூட மேல்கம்பியில் தாளம் போடும். அதைப் பாடிய, 2018 ஜனவரியில் மறைந்த பொப்பிசைச் சக்கரவர்த்தி ஏ.ஈ.மனோகரனின் குரல் மேடைக்கென்றே பிறந்தது. மேடைக் குரலை எப்படிக் காப்பது என்பதற்கு வெளியில் ஓர் உதாரணம் உண்டு: 1970 மார்ச்சில் நியூயோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பாடகர் ஜோ கொக்கர் ஒரு பெரும் இசைப் பட்டாளத்தோடு பாடினார். லியோன் ரஸல் பியானோவில்; பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்ஸ், கோரஸ். அதை மேடையிலேயே பதிந்து, 'மேட் டோக்ஸ் அண்ட் இங்கிலிஷ்மென்' என்று இசைத்தட்டாக்கினார்கள். சனத்தின் கைதட்டல் அதில் இன்னும் சூடாகவே இருக்கிறது. நம் பொப்பிசை மேடைகளுக்கும் அந்தப் பாக்கியம் வேண்டும். பழைய கச்சேரிக் கசட் வீட்டில் கிடந்தால், பூஞ்சணம் பிடிக்குமுன் தயவுசெய்து பிரதி எடுத்து வையுங்கள்.