பயத்தைப் படம் பிடிக்கும் பிள்ளைகள்



"என்ரை மகள் திகில் படம் எடுக்கப் போறாளாம். படிக்க அனுப்பின பிள்ளைக்கு இது தேவையோ?"

அண்மைக் காலத்தில் வெவ்வேறு ஊர்களில் தாய்மார் என்னிடம் கேட்ட கேள்வி இது. எமது பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகமும் ஒரு பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைக்குத் தனித் துறை இருக்கிறது. 2015 ஆம் ஆண்டு அனோமா ராஜகருணா என்ற பெண் இயக்குநரின் முயற்சியால் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா தொடங்கியது. இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கையில் கைத்தொலைபேசியோடு குறும்படம் எடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதலில் பிடிப்பது திகில் கதைதான்.

காரணம் விளங்கக்கூடியது. பாட்டுப் படத்துக்கு ஆட்கள் வேண்டும், காசு வேண்டும். திகில் படத்துக்கு ஒரு வீடு, ஒரு கதவு, இரண்டு பேர், ஓர் இரவு போதும். எமது மண்ணில் அந்த வீடும் கதவும் இரவும் வெறும் கதைப் பொருள்கள் அல்லவே. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

பயம் எப்படிப் பிறக்கிறது?

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக் ஓர் உதாரணம் சொல்வார். இரண்டு பேர் மேசையில் இருந்து சும்மா கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்குக் கீழே குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குச் சில செக்கன்கள் அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டு அங்கே இருப்பதை முதலிலேயே எமக்குக் காட்டிவிட்டு அவர்களைக் கதைக்க விட்டால், அந்தக் கதை முடியும் வரை எமக்கு இருப்புக் கொள்ளாது. முதலாவது திடுக்கிட வைப்பது. இரண்டாவதுதான் திகில்.

தமிழில் இதைச் செய்து காட்டியவர் வீணை வித்துவானும் இயக்குநருமான எஸ். பாலசந்தர். 1954 இல் வந்த அவருடைய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. யப்பானியர் சென்னையில் குண்டு போட்ட 1943 ஆம் ஆண்டில் நடக்கும் ஒரு கொலை பற்றிய கதை அது. 1964 இல் அவர் எடுத்த 'பொம்மை'யில், குண்டு வைக்கப்பட்ட ஒரு பொம்மை கைமாறிக் கைமாறிப் போகிறது. பார்க்கும் எமக்கு அது தெரியும், வைத்திருப்பவருக்குத் தெரியாது. பிள்ளைகள் படிக்க வேண்டிய முதல் பாடம் இதுதான். இரத்தமும் கத்தியும் அதிகம் வேண்டியதில்லை. யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பதில்தான் திகில் இருக்கிறது.

கமரா

விலை கூடிய கமரா வாங்கித் தரவில்லை என்று பிள்ளைகள் கோபிக்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியைப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால், அநேகமான தொலைபேசிகளில் வெளிச்சமும் தெளிவும் ஒரே அளவில் பூட்டப்பட்டு விடும். இல்லாவிட்டால் ஆள் நடக்க நடக்கப் படம் வெளிறியும் இருண்டும் போகும். எமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. ஆகவே, சட்டர் வேகத்தை 50 இல் ஒன்றாகவோ 100 இல் ஒன்றாகவோ வைத்தால் குழல் விளக்கின் கீழ் படத்தில் கோடுகள் ஓடுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இருட்டுக் காட்சியை நடு இருட்டில் எடுத்தால் படம் முழுவதும் புள்ளி புள்ளியாய் இருக்கும். பொழுது பட்டு வானம் இன்னும் நீலமாய் இருக்கும் அந்தக் கால் மணித்தியாலத்தில் எடுத்தால் அது திரையில் இரவாகவே தெரியும். வீட்டுக்குள் என்றால் ஒரேயொரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளை விரிப்பைப் பிடித்தால் முகத்தில் பாதி ஒளியும் பாதி நிழலும் விழும். பெண்பிள்ளைகள் இரவில் அலையாமல் வேலையை முடிக்கவும் இது உதவும்.

இன்னொரு விதி. கிணற்றடியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கதைக்கிறார்கள் என்று வையுங்கள். இருவருக்கும் இடையே ஒரு கோடு கீறியது போல நினைத்து, கமரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும். மாறி மற்றப் பக்கம் போனால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல் ஆகி, பார்ப்பவர் குழம்பிப் போவார்.

படத்தொகுப்பு

எடுத்த துண்டுகளை வெட்டி ஒட்டுவதுதான் எடிற்றிங். ஒரே முகத்தைக் காட்டி, அடுத்து உணவைக் காட்டினால் அந்த முகத்தில் பசி தெரியும். சவப்பெட்டியைக் காட்டினால் அதே முகத்தில் துக்கம் தெரியும். ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து பார்த்தார். 1960 இல் வந்த ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' படத்தில் குளியலறைக் கொலை முக்கால் நிமிடம் அளவில்தான். அதை எடுக்க ஏழு நாட்கள் பிடித்தன. அதில் ஓடிய இரத்தம் சொக்கலேற் பாணி, படம் கறுப்பு வெள்ளை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காட்சியில் செத்துக் கிடப்பதாக நடித்த நடிகையிடம் ஒரு சிறு அசைவு இருந்ததைப் படப்பிடிப்புக் குழுவில் யாரும் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தவர் ஹிட்ச்கொக்கின் மனைவி அல்மா ரெவில். அவரும் தொடக்கத்தில் படத்தொகுப்பாளராக இருந்தவர்தான்.

எடிற்றிங் செய்யக் காசு கட்டத் தேவையில்லை. கணினியில் டாவின்சி ரிசோல்வ் என்ற மென்பொருளுக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு சின்ன உத்தி சொல்லுங்கள். அடுத்த காட்சியின் சத்தத்தை, அந்தக் காட்சி வருவதற்கு இரண்டு செக்கன் முன்பே கேட்க விட்டால், பார்ப்பவர் தன்னை அறியாமலே முன்னுக்குச் சாய்வார்.

சத்தம்

திகில் படத்தின் உயிர் சத்தத்தில் இருக்கிறது. 1931 இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' என்ற படத்தில், கொலையாளியைக் கண்டுபிடிப்பவர் பலூன் விற்கும் ஒரு கண் தெரியாத மனிதர். கொலையாளி வழமையாக அடிக்கும் சீழ்க்கையை அவர் காதால் இனங்காண்கிறார். 'சைக்கோ'வில் கத்தி குத்தும் சத்தம் உண்மையில் ஒரு முலாம்பழத்தைக் குத்தியது.

எமது பிள்ளைகளும் இப்படிச் சத்தம் தேடுகிறார்கள். காய்ந்த பனையோலையை மெதுவாக மிதித்தால் வளவில் யாரோ நடப்பது போல் இருக்கும். ஓலைக்குள் கையை விட்டுக் கசக்கினால் நெருப்புப் பற்றுவது போல் கேட்கும். வீட்டில் யாரும் பேசாத நேரத்தில் அரை நிமிடம் சும்மா பதிவு செய்து வைத்தால், வசனங்களுக்கிடையே அந்த வீட்டின் 'மௌனத்தை' நிரப்பலாம். ஒரு தொலைபேசியால் படம் எடுத்து, இன்னொரு தொலைபேசியை நடிப்பவரின் சட்டைப் பைக்குள் வைத்துக் குரலைப் பதிந்தால் வசனம் தெளிவாக இருக்கும்.

ஆனால் சகோதரிகளே, சத்தம்தான் எமக்கு மிகவும் ஆபத்தான இடமும் கூட. சகடை, கிபிர், ஷெல் என்று சத்தத்தை வைத்தே உயிரைக் காப்பாற்றிய மக்கள் நாம். மின்சாரம் இல்லாமல் போன தொண்ணூறுகளில், இருட்டில் காதுதான் எமக்குக் கண்ணாய் இருந்தது. வெடி கொளுத்தும் சத்தத்துக்கே இன்றும் நெஞ்சு பதைக்கிறவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்!

வலிகாமத்தில் ஒரு தாய். ஆளை அடையாளம் காட்டாமல் எழுதலாம் என்று அனுமதி தந்தபடியால் சொல்கிறேன். 2006 இல் ஊரடங்கு நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டி அவருடைய கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அன்று கைக்குழந்தையாய் இருந்த மகள் வளர்ந்து, ஊடகம் படிக்கிறாள். தன் குறும்படத்துக்காக வீட்டு முன்கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பதிவு செய்திருக்கிறாள். அடுப்படியில் நின்ற தாய் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"அம்மா, இது சும்மா படம்தானே" என்று மகள் சொன்னாளாம். சுயதொழில் கடன் விடயமாக நான் அங்கே போனபோது தாய் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, அவள் படம் எடுக்கட்டும். நான் மறிக்கேல்லை. உந்தக் கதவுச் சத்தம் மட்டும் எனக்கு வேண்டாம்."

மகளுக்கு முதலில் கோபம். அந்தத் தட்டல்தான் படத்தின் முக்கிய இடம் என்றாள். அப்போது தாயே சொன்னார்: "கதவு தட்ட முதலே எங்களுக்குத் தெரியும். றோட்டு முனையில முதல் நாய் குரைக்கும். பிறகு அடுத்த வீட்டு நாய். குரைச்சுக் குரைச்சுக் கிட்ட வரும். எங்கட படலையடியில வந்து நிண்டால்..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

மகள் கதவுத் தட்டலை எடுத்துவிட்டாள். தூரத்தில் ஒரு நாய், பிறகு கிட்ட ஒன்று, பிறகு இன்னும் கிட்ட. விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் முகம். குரைப்பு நிற்கிறது. அத்தோடு காட்சி முடிகிறது. கதவைக் காட்டவே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த எனக்கு, தட்டும் சத்தத்தை விட அந்த மௌனம்தான் நெஞ்சை அடைத்தது. தாய் பகல் நேரத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். முழுதாகப் பார்க்கவில்லை, இடையில் எழும்பிப் போய்விட்டார். ஆனாலும் "என்னட்டைக் கேட்டுச் செய்தவள்" என்று அவர் சொன்னதில் ஒரு நிறைவு இருந்தது.

அந்த வீட்டில் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். தாய் தடுக்கவில்லை. மகள் அடம் பிடிக்கவில்லை. தாய்க்குத் தெரிந்த ஒன்றை மகள் கேட்டறிந்தாள். போரை நேரில் காணாத பிள்ளைகள், எம்முடைய பயத்தை விளையாட்டாக எடுக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். சில வேளை, வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்றை அவர்கள் படத்தின் மூலம் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றில்லை. எது வேண்டாம் என்று சொல்லும் உரிமை எமக்கு இருக்கிறது. அதைச் சொன்னால்தான் அவர்களுக்கும் விளங்கும்.

படம் எடுக்கப் போகும் பிள்ளையிடம் சொல்ல வேண்டியவை

* வெடிச் சத்தம், அலறல், கதவு தட்டல் போன்றவற்றைப் பதிவதற்கு முதல் வீட்டாருக்கும் அயலவருக்கும் நேரம் சொல்லுங்கள். 2011 ஓகஸ்டில் கிறீஸ் மனிதன் பீதியின்போது ஊர்கள் நித்திரையின்றிக் கிடந்ததை மறக்க வேண்டாம். இரவில் முகமூடியோடு ஒருவர் ஓடினால் அது நடிப்பு என்று ஊருக்குத் தெரியாது.

* விளையாட்டுத் துப்பாக்கியை வீதியில் காட்ட வேண்டாம். இராணுவச் சீருடை போன்ற உடுப்பு சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே அறிவியுங்கள்.

* கைவிடப்பட்ட வீடுகள் படத்துக்கு அழகாய்த் தெரியும். ஆனால் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கோ, பற்றை மூடிய காணிக்கோ போகவே வேண்டாம். எந்தப் படமும் ஒரு காலை விடப் பெரிதல்ல.

* வேறொருவர் வீட்டில் நடந்த துயரத்தை, அவரைக் கேளாமல் கதையாக்க வேண்டாம். எடுத்த காட்சிகளை நடித்தவரின் சம்மதம் இல்லாமல் இணையத்தில் போட வேண்டாம்.

பார்க்கும்போதோ கேட்கும்போதோ ஒருவருக்குப் பதற்றம் வந்தால் அதைப் பைத்தியம் என்று சொல்லாதீர்கள். படத்தை நிறுத்துங்கள், வெளியே காற்றோட்டமாக இருத்துங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். நித்திரை வராமல் நாட்கணக்கில் தொடர்ந்தால் யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை வைத்தியசாலையிலோ உளநல மருத்துவரைச் சந்திக்கலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பெண் கையில் கமரா

"பொம்பிளைப் பிள்ளைக்குக் கமரா எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். இலங்கையின் முன்னோடிப் பெண் இயக்குநர்களில் ஒருவரான சுமித்ரா பீரிஸ், 1963 இல் வந்த 'கம்பெரலிய' படத்தின் படத்தொகுப்பாளர். 2023 இல் காலமாகும் வரை மதிக்கப்பட்ட கலைஞர். தமிழ்நாட்டில் பி. ஆர். விஜயலட்சுமி 1985 இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த சுமதி சிவமோகன் 'இங்கிருந்து' என்ற படத்தை மலையக மக்களைப் பற்றி இயக்கினார்.

எல்லோரும் இயக்குநர் ஆக வேண்டும் என்றில்லை. எமது ஊரில் கலியாண வீடும் சாமத்தியச் சடங்கும் வீடியோ இல்லாமல் நடப்பதில்லை. மணப்பெண் உடுத்தும் அறைக்குள் ஒரு பெண் கமராவோடு நிற்பதையே பல குடும்பங்கள் விரும்புகின்றன. எடிற்றிங் வீட்டில் இருந்தே செய்யக்கூடிய தொழில். தையல் மெஷின் ஒன்றோடு குடும்பத்தைத் தாங்கிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு, வெட்டி ஒட்டும் வேலை கைக்கு வரும் என்றே நினைக்கிறேன். திகில் குறும்படத்தில் படித்த ஒளியும் ஒலியும் அங்கேயும் சோறு போடும்.

ஆகவே சகோதரிகளே, பிள்ளை கமராவோடு வந்தால் "ஏன்?" என்று மட்டும் கேட்காமல் "என்ன கதை?" என்றும் கேளுங்கள். உங்களுக்கு வேண்டாததைத் தெளிவாகச் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். படம் முடிந்ததும், முடியுமென்றால், பக்கத்தில் இருந்து பாருங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.